பெட்டி பிழைத்தது, ஹால் போயிற்று

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு பழைய வீடு இடிபடப்போகிறது என்றால் தேக்குக் கதவுக்குத்தான் முதலில் ஆள் வரும். இப்போது பரண்மேல் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் வருகிறது. காந்தம் எவ்வளவு கனம் என்று மட்டும் பழைய இரும்புக்காரர் தூக்கிப் பார்த்த சாமான் அது. இன்று பேரன்கள் அதைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து ரிச்சி தெருவுக்குப் பழுது பார்க்கக் கொண்டுபோகிறார்கள். ‘விண்டேஜ்’ என்று பெயர் வைத்துவிட்டால் நம் ஊரில் தகர டப்பாவுக்கும் மவுசு கூடிவிடும். ஆனால் இந்தப் பெட்டிகள் அந்த மவுசுக்குத் தகுதியானவைதான்.

பெசன்ட் நகர், அடையாறு பக்கத்திலிருந்து வருபவை பெரும்பாலும் ஒரே வியாதியோடு வரும். ஊஃபரின் விளிம்பில் கோனைத் தாங்கும் ஃபோம் வளையம், அதாவது சரவுண்ட், விரல் பட்டால் உருகிய கருப்பட்டிபோலப் பிசுபிசுத்து உதிரும். எழுபது, எண்பதுகளில் புழங்கிய பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். பதினைந்து வருடம் தாங்கினால் பெரிய விஷயம். வேடிக்கை என்னவென்றால், அதற்கும் மூத்த அறுபதுகளின் ரேடியோ ஸ்பீக்கர்களில் பல இன்னும் பாடுகின்றன. அவற்றில் ஃபோமே கிடையாது. கோனின் காகிதத்தையே கொசுவி விளிம்பாக்கியிருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் வீடுகளில் மூழ்கியவை தனி ரகம். பிளைவுட் பெட்டி என்றால் காயவைத்து ஒப்பேற்றலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை ஊதினால் ஊதியதுதான்.

சரவுண்ட் மாற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போய்விடும். பிறகு நடு மூடியைப் பிரித்து, எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, காயிலுக்கும் நடுவிலுள்ள இரும்புக்கும் இடையில் செருகுவார்கள். காயில் மயிரிழை விலகினாலும் உரசும். உரசினால் பாடகரின் தொண்டையில் மணல் விழுந்ததுபோலக் கேட்கும். பசை காய்ந்ததும் கீற்றுகளை உருவிவிட்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டுக் காட்டுவார்கள். கோன் முன்னால் எழும்பினால் பிளஸ், மைனஸ் சரி. இரண்டு பெட்டியில் ஒன்று மட்டும் பின்னால் போனால் பேஸ் காணாமல் போகும். பலர் அதைக் கவனிக்காமலே பல வருடம் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது ‘அப்கிரேடு’. பெட்டிக்குள், பேஸை ஊஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள பழைய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் உள்ளே வறண்டு, அளவு மாறிப்போயிருக்கும். அவற்றை எடுத்துவிட்டுப் பாலிபுரொப்பிலீன் ரகம் போடுவது இப்போதைய வழக்கம். போட்டதும் ட்வீட்டர் துள்ளும், சில சமயம் காதைக் குத்தும். பழைய கண்டென்சருக்கென்று ஒரு சிறு மின்தடை இருந்தது, புதியதில் அது அநேகமாக இல்லை. கைதேர்ந்தவர்கள் கூடவே ஒரு சிறிய ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்துச் சமன் செய்துவிடுகிறார்கள். பெட்டிக்குள்ளே புளூடூத் போர்டைத் திணிப்பவர்களைப் பற்றி இங்கே பேச விருப்பமில்லை.

இத்தனையும் முடிந்து பெட்டி வீட்டுக்குப் போகிறது. சில நாளில் போன் வருகிறது: குமுறுகிறதாம். கடைக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் குமுறவில்லை. திரும்ப வீட்டுக்குப் போனால் மறுபடி குமுறுகிறது. பழுது பார்ப்பவர்கள் அலுப்போடு சொல்லும் கதை இதுதான். கோளாறு பெட்டியில் இல்லாதபோது எதைக் கழற்றுவது?

அந்தப் பெட்டிகள் பாடிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தேக்கு உத்தரங்களுக்குமேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, தலைக்கு மேலே பன்னிரண்டு அடி, பக்கத்தில் முற்றம், எந்நேரமும் திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலில் போன ஒலி திரும்பி வராது. மேலே உத்தரங்கள் வரிசையாக நின்று எதிரொலியைச் சிதறடிக்கும். இப்போது அதே மனையில் அடுக்குமாடி. படுக்கையறை பத்துக்குப் பத்து, உயரமும் ஏறக்குறைய பத்தடி. வழுவழு டைல்ஸ், கண்ணாடிக் கதவு. பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்றும் அதே இடத்தில் சேர்ந்து முட்டும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தியை வெறுமனே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் சினிமாப் பாட்டைப் போட்டால் அந்த ஒரு சுரம் மட்டும் பூதமாக எழும்பும். அடுத்த சுரம் இருக்குமிடம் தெரியாது. அதனடியில் மிருதங்கத்தின் கும்கி மாட்டிக்கொண்டால் அதோ கதிதான்.

இதில் ஏ.சி. செய்யும் வேலை விநோதமானது. ஈரத்தை உறிஞ்சி ஃபோமின் ஆயுளைக் கூட்டுகிறது. கூடவே ஜன்னலை நிரந்தரமாக மூடவைத்து, பேஸ் வெளியேற இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது. கடல்காற்றிடமிருந்து காப்பாற்றிய பெட்டியைப் பாடவிடாமல் செய்வதற்கு இத்தனை மின்கட்டணமா?

பழைய பெட்டியே வேண்டாம், நல்ல ஹெட்போன் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள்; சரி, அவர்கள் காது, அவர்கள் சௌகரியம்.

மற்றவர்கள் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மூலையில் வைக்கும் பழக்கமே பழைய கலர் டி.வி.யால் வந்ததாக இருக்கலாம். காந்தம் பக்கத்தில் இருந்தால் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை படியும் என்று தள்ளிவைத்தோம். அந்த டி.வி. போய்விட்டது, பெட்டி மட்டும் மூலையிலேயே நிற்கிறது. சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தலாம். பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் அதில் ஒரு பழைய சாக்ஸைச் செருகிப் பார்க்கலாம். சிரிக்காதீர்கள், பேஸ் அடங்கும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தால் கைதட்டல் எதிரொலி குறையும். ஆனால் 57 ஹெர்ட்ஸுக்கு மெத்தை எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது இடம்தான். அந்த இடத்தைத்தான் சதுர அடிக் கணக்கில் விற்றுவிட்டோம்.

லஸ் பக்கம் ஒரு பெரியவர் வீட்டை இடித்துக் கட்டக் கொடுக்கப்போகிறார். மற்றவர்கள் மூடிய கார் பார்க்கிங் கேட்கிற இடத்தில் அவர் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரே வேண்டாம், இருபத்திரண்டு அடி நீளத்துக்குத் திறந்திருக்கட்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். தாளிக்கிற நெடி ஹால்வரை வருமே என்கிறார் வீட்டு அம்மா. நடுவில் ஒரு தூண் வந்தே தீரும் என்கிறார் இன்ஜினீயர். தூண் எத்தனையாவது அடியில் வரும் என்று பிளானில் குறித்துக் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார் பெரியவர்.