ஆறு அமைத்துக் கொடுத்த துறைமுகம்



"புதுச்சேரிக் கடற்கரையில் பெரிய கப்பல் ஏன் கரைக்கே வருவதில்லை?" சபாஷ்! இப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கதை.

இந்தக் கடற்கரையில் அலை ஓயாமல் அடிக்கும், கரையோரம் ஆழமும் குறைவு. 1674-இல் இங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்கள் தொலைவில், கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றன. மசூலா படகுகள்தான் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை தூக்கிப் போட்டாலும் வளைந்து கொடுக்கும், சட்டென்று உடையாது.

ஆனால் அதற்கும் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் முன்பே இங்கே ஒரு துறைமுக ஊர் இருந்தது! அதுதான் அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஆற்றைக் கவனித்தால் விடை கிடைக்கும்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிற சங்கராபரணி ஆற்றின் ஒரு கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. மழைக்காலத்தில் தண்ணீர் வேகமாக ஓடும்போது மணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வரும். கடலை நெருங்கியதும் தரை சமமாகிறது, வேகம் குறைகிறது. மாங்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் களைத்ததும் என்ன செய்வார்? கூடையை இறக்கி வைப்பார் அல்லவா? ஆறும் அதையே செய்கிறது. கனமான மணல் முதலில் படியும், மெல்லிய வண்டல் இன்னும் கொஞ்ச தூரம் போகும்.

கடல் அலையும் தன் பங்குக்கு மணலைக் கரையில் குவிக்கிறது. இப்படிச் சேர்ந்த மணல்மேட்டுக்குப் பின்னால் ஆறு அகன்று, அலையில்லாத நீர்ப்பரப்பாக நிற்கிறது. சிறு படகுகளுக்கு வேறென்ன வேண்டும்?

இதுவரை புரிந்ததா? சரி, அடுத்தது ஓதம். நிலா இழுப்பதால் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஏறும்போது கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். படகு அதோடு சேர்ந்து உள்ளே வரலாம். இறங்கும்போது ஆற்றோட்டமும் சேர்ந்து வெளியே தள்ளும். எஞ்சின் இல்லாத காலத்தில் இந்த இலவச விசைக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

அந்த ஊரில் என்னவெல்லாம் கிடைத்தன தெரியுமா? 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு நடத்தினார். செங்கல் கட்டடங்கள் வெளிப்பட்டன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பளபளப்பான சிவப்பு மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ரோமானியர்கள் திராட்சை மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பிய இரு கைப்பிடிச் சாடிகளும் உடைந்த நிலையில் கிடைத்தன.

எனக்கு மிகவும் பிடித்தவை அந்த ஊரிலேயே செய்த கண்ணாடி மணிகள். பல மணிகள் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட குழாயாக இழுப்பார்கள். அதைச் சின்னச் சின்னதாக வெட்டி, மறுபடி சூடாக்கி முனைகளை மழுக்குவார்கள். அவ்வளவு பொறுமையான கைவேலை!

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். இந்த ஊரை நமக்குக் காட்டிக்கொடுத்ததிலும் ஆற்றுக்குப் பங்குண்டு. கரையை ஆறு அரித்ததால்தான் பழைய செங்கல் சுவர்கள் வெளியே தெரிந்தன. வீலர் வருவதற்கு முன்பே அவற்றைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே தண்ணீர், இன்னோர் இடத்தில் மண்ணைக் கரைத்துக்கொண்டும் போகிறது.

புதுச்சேரித் துறைமுகம் இன்றும் இதே ஆற்றின் முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. மணல் வாயை அடைக்காமலிருக்க 1980-களில் இருபுறமும் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். அப்படியும் மணலைத் தூர்வார வேண்டியிருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. நம் கரையோரம் ஆண்டுமுழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அந்தச் சுவர்கள் அதைத் தடுத்தால் எந்தப் பக்கம் மணல் சேரும், எந்தப் பக்கம் குறையும்? நோட்டில் ஒரு படம் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி நகரம் துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. கடற்கரைச் சாலையோரம் ஏன் அத்தனை பெரிய கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.