வேங்கிக்கால் டு புதுச்சேரி ஒருநாள் டூர்: கார் பேசும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

கிரிவலம் முடிஞ்சாச்சு, கையில் இன்னும் ஒருநாள் லீவு இருக்கு. கடற்கரைக்கு ஒரு ரவுண்டு போகலாமா? கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக புதுச்சேரி 100 கி.மீ.-க்கு சற்று அதிகம்.

என்ன பார்க்கலாம்?

வழியிலேயே செஞ்சிக்கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மலை ஏறணும்னா அதிகாலையிலேயே கிளம்புங்க.

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு. இங்கே 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், ரோமானியர் காலத்து ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அதாவது, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து ஒயின் வந்திறங்கிய கரை இது.

எந்த வண்டி?

மஞ்சள் போர்டு வண்டிதான் வாடகைக்கானது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால், அங்கு செல்ல பெர்மிட் இருக்கான்னு கேளுங்க. வாடகை குறைவுன்னு வெள்ளை போர்டு காரில் போனால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிளெய்ம் மறுக்கப்படலாம். டோல், பெர்மிட், டிரைவர் பேட்டா வாடகையில் சேருமா என்பதையும் முதலிலேயே பேசிடுங்க.

பாட்டில் வாங்கி வரலாமா?

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி, அனுமதியின்றி வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது குற்றம். செக்போஸ்டில் சிக்கினால் வழக்கு மட்டுமல்ல, வண்டியும் பறிமுதல் ஆகலாம். பாட்டில் உங்களுடையது, ஆனால் அந்த வண்டி டிரைவரின் பிழைப்பு.