விரலுக்கும் மருந்துக்கும் நடுவே

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களுக்குப் பக்கத்தில், முள்செடி மண்டிய அகழிக்குள் ஒரு கோட்டையின் இடிபாடு கிடக்கிறது. 1610இல் இங்கே காலூன்றிய டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை அது. அவர்களுடைய துணி வாணிபத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இங்கே ஒரு மருந்துப் பட்டறையும் இருந்ததை அதிகம் பேசுவதில்லை. மருந்து என்றால் வெடிமருந்து: முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியத் தீவுகள் வரை டச்சுக்காரர்களின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் பழவேற்காட்டு மருந்தைத் தின்றன.

மருந்து செய்வது பெரிய வித்தை இல்லை. வேண்டும்போது வெடிக்க வேண்டும், வேண்டாதபோது சும்மா கிடக்க வேண்டும். வித்தை அங்கேதான்.

அக்காலக் காலாட்படை வீரன் கையில் இருந்தது பெரும்பாலும் திரித் துப்பாக்கி. வெடியுப்பு நீரில் ஊறவைத்துக் காயவைத்த கயிறு ஊதுபத்தியைப் போலக் கனன்றுகொண்டே இருக்கும். பாம்பாக வளைந்த ஓர் இரும்புக் கவ்வி அதைப் பிடித்திருக்கும். அடியில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் கவ்வி தாழ்ந்து, கிண்ணத்தில் இட்ட மருந்தைக் கனல் தொடும். அது பொசுங்கி, நெருப்பு ஒரு துளை வழியே குழலுக்குள் புகுந்த பிறகுதான் குண்டு கிளம்பும். குறி வைத்த கொக்கு எழும்பிவிட அந்த இடைவெளி போதும்.

ஆனால் அந்த மந்தத்திலும் ஒரு நன்மை. பாதி அழுத்திய பின் மனம் மாறினால் விரலைத் தளர்த்தலாம். கவ்வி மேலே எழுந்துகொள்ளும். இந்தியத் திரித் துப்பாக்கிகள் இந்த முறையை வெகுகாலம் கைவிடவில்லை. 1543இல் தானெகாஷிமா தீவில் போர்த்துகீசியரிடமிருந்து துப்பாக்கியை அறிந்த ஜப்பானியரோ, சுருள்வில்லின் வேகத்தில் சடக்கென்று விழும் கவ்வியைக் கைக்கொண்டார்கள். விழும் நேரம் குறைவு. ஆகவே குறி அசையவும் நேரமில்லை. ஆனால் விழத் தொடங்கினால் தொடங்கியதுதான், திரும்பாது. இன்று காவலர் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கியிலும் இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

கைத்துப்பாக்கி பிறந்ததே திரியின் தொல்லையால்தான். புகையும் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு எவரால் நடக்க முடியும்? 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாவியால் முறுக்கி வைக்கும் சக்கரப் பூட்டு ஐரோப்பாவில் வந்தது. விசையைத் தொட்டால் சக்கரம் சுழன்று கல்லில் உரசிப் பொறி பறக்கும். அங்கிக்குள் ஒளித்து வைக்கலாம் என்பதாலேயே பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அதற்குத் தடை போட்டார்.

டச்சுக்காரர் பழவேற்காட்டில் இறங்கிய அதே காலத்தில், பிரான்சில் சக்கிமுக்கிப் பூட்டு முழு வடிவம் பெற்றுக்கொண்டிருந்தது. கல்லைக் கவ்விப் பாயும் அந்த உறுப்பைத் தமிழில் குதிரை என்போம். (வீணையிலும் ஒரு குதிரை உண்டு, அது பாவம், பாயாது.) குதிரையை முழுக்கப் பின்னுக்கு இழுத்தால் சுடத் தயார். பாதி இழுத்து நிறுத்தினால் ஆழமான ஒரு பள்ளத்தில் கொக்கி மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினாலும் குதிரை நகராது. பள்ளத்தின் விளிம்பு தேய்ந்த துப்பாக்கியாக இருந்தால், அதை வைத்திருப்பவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்தக் கொக்கிதான் இன்றுவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முறுக்கேறிய சுருள்வில் குதிரையைத் தள்ளிக்கொண்டே இருக்க, கொக்கியின் நுனி ஓர் இம்மி தொட்டுக்கொண்டு அதைத் தடுத்து நிற்கும். விரல் செய்வது அந்த நுனியை நழுவ விடுவது மட்டுமே. குதிரையை முன்பே கையால் இழுத்து வைத்துவிட்டு விசையைத் தொடுவது ஒற்றைச் செயல் முறை: சுமார் 2 கிலோ அழுத்தம், சிறு நகர்வு. குதிரையை இழுப்பதையும் விடுவிப்பதையும் ஒரே விசையே செய்தால் இரட்டைச் செயல்: 5 கிலோ அளவுக்கு அழுத்தம், நீண்ட இழுப்பு. இடறினாலோ திடுக்கிட்டாலோ விரல் அவ்வளவு தூரம் போகாது. திரித் துப்பாக்கியின் பழைய சலுகையும் உண்டு: நடுவழியில் மனம் மாறலாம்.

அதற்கு விலை குறியில் கொடுக்க வேண்டும். கைத்துப்பாக்கியின் எடையே 1 கிலோ அளவுதான். அதைவிடப் பல மடங்கு விசையோடு ஒரு விரலால் இழுத்தால் கை ஆடாமல் என்ன செய்யும்? முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குண்டு 6 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். ஏரியில் தூண்டில் போடுபவர் மீன் கடித்ததும் வெட்டி இழுப்பார். அது அங்கே திறமை. துப்பாக்கியில் அதே வெட்டு குறியைக் கெடுத்துவிடும். எந்த நொடியில் வெடிக்கும் என்று தனக்கே தெரியாதபடி மெல்ல அழுத்தக் கற்றவர்தான் இலக்கைத் தொடுகிறார்.

நியூயார்க் காவல்துறை விபத்துக்கு அஞ்சித் தன் துப்பாக்கிகளின் விசையை 5 கிலோவுக்கு மேல் கனமாக்கி வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் கொலையாளி ஒருவனைக் காவலர் இருவர் சுட்டபோது, வழிப்போக்கர்கள் 9 பேர் காயமடைந்தார்கள். எல்லாம் காவலர் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் வந்தவை. கனமான விசைதான் காரணமா என்ற சர்ச்சை அப்போது சூடுபிடித்தது. பழி முழுவதையும் இரும்பின் மேல் போட நான் தயாரில்லை. நெருக்கடியில் நடுங்கும் கைக்கும் அதில் பங்குண்டு.

விளையாட்டில் நியாயம் வேறு. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசைக்குக் குறைந்தபட்சம் 500 கிராம் இருந்தால் போதும். பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர். அங்கே முன்னால் இருப்பது வெறும் இலக்குப் பலகை. பயிற்சியும் மேற்பார்வையும் சுற்றி நிற்கின்றன. அந்த விசையைத் தெருவில் நடப்பவர் இடுப்பில் மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே வேண்டாம். 1982இல் ஆஸ்திரியாவில் வந்த குளாக் 17 இடைவழி ஒன்றைக் கண்டது: உள்ளே சுடுமுள் பாதி முறுக்கேறி நிற்கும், மீதியை விசை முறுக்கும். விசையின் முகத்தில் இருக்கும் சின்ன நாக்கை விரல் சேர்த்து அழுத்தாவிட்டால் விசை அசையாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் உறைக்குள் செருகும்போது சட்டை நுனி சிக்கி அழுத்தினாலும் அந்த நாக்கு விரல் என்றே நம்பிவிடும். தினமும் ஏந்துகிறவருக்கு எது நல்லது என்று என்னைக் கேட்டால், நீண்ட இழுப்பையும் நிறையப் பயிற்சியையும் சொல்வேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. திட எரிபொருள் ராக்கெட்டிலும் அதே கவலை: பற்றவைக்கும் பொறிக்கும் எரிபொருளுக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்து, நேரம் நெருங்கும்போதுதான் வழியைத் திறப்பார்கள். ஏவும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக விடமாட்டார்கள். கரையேற்றிய படகின் நிழலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிர்கிறார்கள். முதலில் வெளிச்சம் தெரிகிறது. சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது.