கேள்விக்காரனும் மேடையில்தான்

பாலக்காட்டிலிருந்து ஒற்றப்பாலம் போகும் வழியில் இருக்கிறது லக்கிடி. அதையொட்டிய கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில்தான், 18ஆம் நூற்றாண்டில், மலையாளத்தின் பெரும் நையாண்டிக் கவிஞரான குஞ்சன் நம்பியார் பிறந்தார். பிறந்த வீடு இன்று நினைவிடம். மே 5 அவர் பெயரால் கொண்டாடப்படும் நாள்.

அவரைப் பற்றி ஊரே சொல்லும் கதை ஒன்று உண்டு. அம்பலப்புழைக் கோயிலில் சாக்கியார் கூத்து. அதற்கு மிழாவு என்ற முழவை வாசித்துக்கொண்டிருந்த நம்பியார் கண்ணயர்ந்துவிட்டார். சாக்கியார் விடுவாரா? கூட்டத்தின் முன்னாலேயே கிண்டலடித்துத் தீர்த்தார். மறுநாள் அதே கோயிலில், கூத்து நடக்கும் வேளையில், நம்பியார் 'கல்யாணசௌகந்திகம்' பாடி, துள்ளல் என்ற புதிய ஆட்டத்தை ஆட, கூத்துப் பார்த்த கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். வாய்வழிக் கதைதான். ஆனாலும் நகைச்சுவை விமர்சனத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒரு கலைஞனின் கேலிக்கு எழுந்த மறுப்பு, இன்னொரு கலையாகவே வந்து நின்றது.

சாக்கியார் இன்றைய ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு மூதாதை என்றே சொல்லலாம். தனி ஆள், புராணத்தில் ஒரு சுலோகம், அதை விரிக்கும் சாக்கில் எதிரே உட்கார்ந்திருப்பவரை வம்புக்கு இழுப்பார். அரசனே வந்திருந்தாலும் தப்ப முடியாது. எழுந்து பதில் சொல்லவும் கூடாது என்பது மரபு. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்ச் சாக்கையனை நினைத்தால், இந்தப் பெயரின் பழமை விளங்கும்.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு மதிலும் இருந்தது. கூத்து நடக்கும் கோயில் அரங்கான கூத்தம்பலத்துக்குள் எல்லாச் சாதியினரும் நுழைய முடியாது. உள்ளே அரசனைக் கேலி செய்யலாம். வெளியே நிற்பவனுக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கூத்து கோயிலுக்கு வெளியே வந்தது. நம்பியாரோ அதற்கு வெகுகாலம் முன்பே சாமானியர் பேசும் மலையாளத்தை எடுத்துக்கொண்டு, தேவலோகத்தையும் அஸ்தினாபுரத்தையும் கேரளத்து ஊர்களாக்கி, அதிகாரிகளின் பேராசையையும் வெற்றுப் பெருமையையும் தோலுரித்தார்.

கிழக்கே தமிழக எல்லையை நெருங்கினால் ஆட்டம் வேறு. பாணர் சமூகத்தினர் ஆடிவரும் பொறாட்டு நாடகத்தில் குறவன், குறத்தி, தாசி என வேடங்கள் ஒவ்வொன்றாக வரும். பெண் வேடமும் ஆண்களே கட்டுவது வழக்கம். வருகிற வேடத்தை மறித்து 'யார் நீ, எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய்' என்று துருவ, சோத்தியக்காரன் என்ற கேள்விக்காரன் ஒருவன் மேடையிலேயே இருப்பான். பதில் தமிழும் மலையாளமும் கலந்து, பாட்டும் வசனமுமாக வரும். சிரிப்பு பிறப்பது அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்தான். இன்றைய நகைச்சுவை அரங்கில் குறுக்கே குரல் கொடுப்பவர் தொந்தரவு. இங்கே அவரில்லாமல் ஆட்டமே இல்லை.

நகைக்குத் தொல்காப்பியர் நான்கு காரணங்கள் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல். விமர்சகர் முதலில் கேட்க வேண்டியதும் யார் யாரை எள்ளுகிறார் என்பதே. ஆலத்தூர், சிற்றூர் வட்டாரப் பகவதி கோயில்களில் நடக்கும் கண்ணியார்களி என்ற ஆட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. பெரும்பாலும் நாயர் சமூகத்தினர் ஆடும் அதில், புறாட்டு எனப்படும் பகுதி மற்றச் சமூகத்தாரின் நடை, உடை, பேச்சைக் காட்டுகிறது. தமிழ்ப் பாட்டுகளும் உண்டு. அழகான ஆட்டம். ஆனால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப்போல் நடித்துக்காட்டும் சிரிப்பும், பாணர் தாமே நின்று வரவழைக்கும் சிரிப்பும் ஒன்றல்ல.

இனி இன்றைய நகைச்சுவை மேடைக்கு வருவோம். 1981இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் நகைச்சுவைக்கெனத் தனி விருது தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் கொச்சியின் கலாபவன் கலைக்குழு 'மிமிக்ஸ் பரேட்' என்ற பலகுரல் நிகழ்ச்சியை மேடையேற்றியது. பின்னாளில் திரைப்பட இயக்குநர்களான சித்திக், லால் அதில் இருந்தனர். எடின்பரோ நிகழ்ச்சிகளுக்குப் பத்திரிகைகள் நட்சத்திர மதிப்பெண் போடுகின்றன. நம் பக்கம், 'சிரிப்பு வந்ததா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது, எங்கே சிரிக்கத் தயங்கியது, எந்த நக்கல் பழகிப்போய் ஊசிப்போனது என்று எழுதுவோர் குறைவு.

பொறாட்டுக்கு அப்படி எழுத ஆள் உடனே தேவை. தமிழ்ச் சிலேடை மலையாள விமர்சகரின் காதில் நழுவும். மலையாளக் குத்தல் தமிழருக்குப் பிடிபடாது. சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் இரண்டு மொழியையும் வீட்டிலும் சந்தையிலும் பேசி வளர்ந்தவர்களுக்கு இரண்டுமே புரியும். அந்த ஊர் இளைஞர்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஆட்டத்தின் முன்வரிசையில் உட்கார வேண்டும். அவர்கள் எழுதியதை இரண்டு மொழிப் பத்திரிகைகளும் வெளியிட வேண்டும்.