பூனைக்குக் கை வைத்தியம்: எது ஆகும், எது ஆகாது?

ராஜபாளையம் என்றாலே நாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் தளவாய்புரம், செட்டியார்பட்டி, சேத்தூர் பக்கம் நெல் மூடையையும் தைத்து அடுக்கிய நைட்டிக் கட்டுகளையும் எலி கடிக்காமல் காப்பது பூனைதான். மாட்டுக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாம், பூனைக்கு மட்டும் கையில் கிடைத்ததைப் புகட்டிவிடுகிறோம்.

உங்கள் ஆண் பூனை அடிக்கடி மண்ணில் உட்கார்ந்து முக்குகிறதா? மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகியது. உப்புத் துகளும் சளியும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். அடிவயிறு எலுமிச்சம்பழம் போல் கெட்டியாக இருக்கும், தொட்டால் கத்தும். நெருஞ்சில் கஷாயம் கொடுத்தால் சிறுநீர் இன்னும் ஊறும், வெளியேற வழியிருக்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். மயக்க ஊசி போட்டுக் குழாய் செருகி அடைப்பை எடுப்பதுதான் வழி. அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே 4 கிலோ பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒத்துவரும் மூலிகை மருந்து பூனைக்கு ஒத்துவராமல் போவதற்கும் ஈரல் ஒரு காரணம். சின்ன வெங்காயம் மூன்று நான்கு உள்ளே போனாலே ரத்த அணுக்கள் உடையும். பூண்டு அதைவிட மோசம். வேப்பெண்ணெய், கற்பூரம் தடவினால் நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மாட்டு உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்தைப் பூனைத் தெள்ளுக்கு ஊற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். நடுக்கமும் வலிப்பும் வரும். தெரியாமல் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். தெள்ளுக்கு நல்லது பேன் சீப்புதான். சீவிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், அது படுக்கும் சாக்கை வெயிலில் காய வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. சின்னக் காயத்தை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவலாம். காதுக்குள் காப்பித்தூள் போல் அழுக்கு சேர்ந்தால் பெரும்பாலும் காதுப் பூச்சி. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்துத் துடைத்தால் ஆறுதல், அடியோடு ஒழிக்க மருந்து வேண்டும். மலம் உண்மையிலேயே இறுகியிருந்தால் வேக வைத்த பூசணி ஒரு தேக்கரண்டி போதும். அறுகம்புல்லைத் தின்று கக்குவது நோயல்ல. பால் மட்டும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்குதான் வரும்.

குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும். பூனைவணங்கி என்ற பெயரே அதனால்தான். புரளட்டும், அரைத்துப் புகட்ட வேண்டாம்.

குட்டிக்கு வயிறு உப்பி முடி மங்கினால் குடற்புழு. பப்பாளி விதையை நம்பி நாளைக் கடத்தாமல், எடை பார்த்து மருத்துவர் தரும் பூச்சி மருந்தைக் கொடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்துக் கொண்டுபோங்கள். வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால் அதன் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். புகட்டியது எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர் மாற்று மருந்தைத் தீர்மானிப்பார்.