கிளம்பாத நைட்ரோ எஞ்சின்: நீடிலில் கை வைக்கும் முன்

நேற்றுவரை புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிய ரிமோட் டிரக், இன்று எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் கிளம்ப மாட்டேன் என்கிறது. உடனே பலருடைய கை ஸ்குரூ டிரைவரைத் தேடும். அடுத்தது, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தக் கார்புரேட்டரில் உள்ள நீடில் திருகுகள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். நீடில் ராத்திரியில் தானாகத் திரும்பிக்கொள்வதில்லை. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப அதைச் சற்றே திருத்த வேண்டிவரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஓடுகிற எஞ்சினுக்குச் செய்கிற வேலை. கிளம்பாத எஞ்சினில் நீடிலைத் திருகினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று வந்து சேரும். பிறகு எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தச் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. எரிபொருளிலேயே கலந்துவரும் எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. எப்படியாவது கிளம்பினால் போதும் என்று நீடிலை இறுக்கிக்கொண்டே போனால் எரிபொருளோடு எண்ணெயும் குறையும். கிளம்பிய சில நிமிடங்களில் பிஸ்டன் கீறல் விழுந்துவிடும்.

டிராக்ஸஸ் டி-மேக்ஸ், எச்பிஐ சாவேஜ் போன்ற மான்ஸ்டர் டிரக்குகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டி-மேக்ஸ் 1999-இல் வந்தது. இவற்றின் எஞ்சின் பெரும்பாலும் 2.5 சி.சி.யிலிருந்து 5 சி.சி.க்குள் இருக்கும். சில வண்டிகளில் கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், சிலவற்றில் பேட்டரி மோட்டார் ஸ்டார்ட்டர். கோளாறு கண்டுபிடிக்கிற முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, மேக்னெட்டோ இல்லை. இருப்பது க்ளோ பிளக். அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபிறகுதான் சிறிய மாடல் எஞ்சின்கள் காயில், கண்டென்சர் சுமையிலிருந்து விடுபட்டன. பிளக்கின் நுனிக்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. கிளப்பும்போது இக்னைட்டர் என்ற சிறு பேட்டரிக் கருவியால் அதைச் சிவக்கச் சூடாக்குகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இக்னைட்டரை எடுத்துவிடலாம். எரிப்பின் வெப்பமும், பிளாட்டினத்தின் மேல் எரிபொருளிலுள்ள மெத்தனாலின் ஆவி படும்போது நடக்கிற வேதிவினையும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்திருக்கும். பெட்ரோலை ஊற்றி இதை ஓட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்: இந்த எஞ்சினின் தீப்பொறியே மெத்தனாலுக்கும் பிளாட்டினத்துக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

ஆகவே சோதனையைப் பிளக்கில் தொடங்குங்கள். தலைப்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றும்போது ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டருக்குக் கேடு. கழற்றிய பிளக்கில் இக்னைட்டரை மாட்டி, நுனியைப் பாருங்கள். கம்பிச் சுருள் முழுவதும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கலாகச் சிவந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் ஒளிர்ந்தாலோ, ஒளிரவே இல்லை என்றாலோ உடனே பிளக்கைக் குறைசொல்ல வேண்டாம். இக்னைட்டரைச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். கிளம்பாத நைட்ரோ வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இந்த இடத்திலேயே கிடைத்துவிடும்: தீர்ந்துபோன இக்னைட்டர் பேட்டரி, அல்லது எரிந்துபோன பிளக். பெட்டியில் இரண்டு புதுப் பிளக்குகள் எப்போதும் இருக்க வேண்டும். க்ளோ பிளக்குக்கு வேண்டியது 1.2 முதல் 1.5 வோல்ட்தான். அவசரத்துக்கு இரண்டு பேட்டரிச் செல்லைத் தொடராக இணைத்து 3 வோல்ட் கொடுத்தால் கம்பி அந்தக் கணமே அறுந்துவிடும்.

பிளக் இன்னொரு செய்தியையும் சொல்கிறது. கழற்றியதும் அதன் நுனியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? ஈரம் என்றால் எரிபொருள் சிலிண்டருக்குள் வருகிறது, ஒருவேளை அளவுக்கு மீறி வருகிறது. காய்ந்திருந்தால் வரவே இல்லை. இனித் தேட வேண்டிய வழியை இந்த ஒன்றே தீர்மானிக்கும்.

காய்ந்த பிளக்கை முதலில் பார்ப்போம். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிலிகான் டியூப் ஒளி ஊடுருவக்கூடியது. ஸ்டார்ட்டரை இயக்கும்போது அதில் எரிபொருள் நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நகராவிட்டால் சைலன்சரின் வாயை ஒரு துணியால் ஓரிரு நொடி மூடிக்கொண்டு இயக்குங்கள். டேங்கிலிருந்து கிளம்பும் இன்னொரு டியூப் சைலன்சரில் போய்ச் சேர்வதைக் கவனித்திருப்பீர்கள். புகையின் அழுத்தம் அதன் வழியாக டேங்குக்குள் வந்து, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. புகை போகும் வழியை அடைத்தால் அழுத்தம் கூடி எரிபொருள் சீக்கிரம் மேலேறும். அது கார்புரேட்டரை எட்டியதும் துணியை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் எஞ்சின் ஃப்ளட் ஆகிவிடும், அதாவது உள்ளே எரிபொருள் தேங்கிவிடும்.

துணியால் அடைத்தும் எரிபொருள் நகரவில்லை, அல்லது குமிழி குமிழியாக வருகிறது என்றால் எங்கோ காற்று கசிகிறது. டியூப் நுனிகளில் மயிரிழை அளவு வெடிப்பு, டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தது, டேங்கிலேயே விரிசல் என்று எதுவாகவும் இருக்கலாம். டேங்கைக் கழற்றி, காலிசெய்து, ஒரு டியூபை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, சிறு பம்பால் மற்ற டியூப் வழியே காற்றை அனுப்புங்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதைப்போலக் குமிழி வருகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும். வாயால் ஊத வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். எரிபொருள் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கார்புரேட்டரின் வாயும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாத நிலையிலும் சுமார் 1 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். முழுக்க மூடியிருந்தால் என்ன இழுத்தும் பயனில்லை. ரிசீவர் பேட்டரி இறங்கிப்போனாலோ, ரிமோட்டில் டிரிம் நகர்ந்திருந்தாலோ இப்படி ஆகும். வெறும் ரிமோட் கோளாறை எஞ்சின் கோளாறு என்று எண்ணி எஞ்சினைப் பிரித்துப்போட்டவர்கள் ஏராளம்.

அடுத்தது ஈரமான பிளக். கயிறு பாதியில் கல்லாக நின்றுவிடுகிறதா? மோட்டார் ஸ்டார்ட்டர் ‘உம்’ என்று முனகி நிற்கிறதா? பிஸ்டனுக்கு மேல் எரிபொருள் தேங்கிவிட்டது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பலம்கொண்டு இழுத்தால் கயிறு அறும், இல்லாவிட்டால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றுங்கள், வண்டியைக் கவிழ்த்துப் பிடியுங்கள், பிளக் துளைக்கு நேரே பழந்துணியை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில தடவை இயக்குங்கள். தேங்கியதெல்லாம் பீறிட்டு வெளியே வந்துவிடும். முகத்தைத் துளைக்கு எதிரே கொண்டுபோகவே கூடாது. இக்னைட்டர் அப்போது அருகில் இருக்கக் கூடாது.

இந்த எச்சரிக்கையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு நைட்ரோமீத்தேன் அல்ல, மெத்தனால். கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமாகிற அதே மெத்தனால். கொஞ்சம் உள்ளே போனாலும் கண்பார்வையைப் பறிக்கும். தோல் வழியாகவும் உடலில் சேரும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சவோ ஊதவோ கூடாது என்பது அதனால்தான். மெத்தனால் பற்றி எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மூடிய அறைக்குள் ஓட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம். எரிபொருள் டப்பாவைத் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும் இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் எஞ்சின் ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது என்றால் அது ஃப்ளட் அல்ல. புது எஞ்சின்களில் இது சாதாரணம். இவற்றின் பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் குரோமியம் பூசிய பித்தளை; பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவின் மேற்பகுதி சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். எஞ்சின் சூடாகும்போது பித்தளை விரிந்து அளவு சரியாகிவிடும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் பிடித்துக்கொள்ளும். ஹேர் டிரையரால் எஞ்சின் தலையைச் சில நிமிடம் சூடாக்கினால் (எரிபொருள் சிந்தாத இடத்தில், டேங்க் காலியாக இருக்கும்போது) இளகிக் கொடுக்கும்.

இதற்கு நேர்மாறானது, எந்தத் தடையும் இல்லாமல் சுற்றுகிற எஞ்சின். பிளக்கை மாட்டிய நிலையில் ஃப்ளைவீலைக் கட்டைவிரலால் திருப்பினால், பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் திடமான எதிர்ப்பு தெரிய வேண்டும். தெரியவில்லையா? பிளக்கின் அடியில் செம்பு வாஷர் இருக்கிறதா, எஞ்சின் தலையின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிளக்கைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பினால், கசிவு இருந்தால் குமிழி வரும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் எதிர்ப்பு இல்லை என்றால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. அப்படிப்பட்ட எஞ்சின் காலையில் குளிர்ந்த நிலையில் கிளம்பும், ஓடிச் சூடானதும் அணையும், ஆறும்வரை மறுபடி கிளம்பாது. அதற்குப் புது பிஸ்டன்-ஸ்லீவ் ஜோடிதான் வழி. கயிறு லகுவாக வருகிறது, ஆனால் ஃப்ளைவீல் சுற்றவே இல்லை என்றால் அது வேறு கதை: ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஒருவழி பேரிங் வழுக்குகிறது. சுத்தம் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். கயிற்றை ஒரு அடி நீளத்துக்குள் விசுக்கென்று இழுப்பதே சரி. கடைசிவரை இழுப்பது ஸ்டார்ட்டரைக் கெடுக்கும்.

பிளக் ஒளிர்கிறது, எரிபொருள் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. ஆனாலும் கிளம்பவில்லை. இப்போது டப்பாவைச் சந்தேகியுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மூடியைச் சரியாக இறுக்காத டப்பா சீக்கிரமே பாழாகும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. புது டப்பா ஒன்றிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனை இல்லை. கார், டிரக்குகளுக்கு 20 சதவீத நைட்ரோ பொதுவான அளவு. விமான மாடல்களுக்கான எரிபொருளில் நைட்ரோவும் எண்ணெயும் வேறு விகிதத்தில் இருக்கும், அதை இதில் ஊற்ற வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நீடிலின் முறை வரும். தொடும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: ஹை-ஸ்பீடு நீடிலை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக்கொண்டே மெதுவாக அடிவரை திருகுங்கள். அந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி முறுக்கினால் நீடிலின் கூர்முனை கெட்டுவிடும். பிறகு கம்பெனிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வெளியே கொண்டுவாருங்கள். டிராக்ஸஸின் டிஆர்எக்ஸ் 3.3 எஞ்சினுக்கு அது 4 சுற்று. மற்ற எஞ்சின்களுக்கு வேறுபடும். இந்த ஆரம்ப அளவு வேண்டுமென்றே சற்று ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக வரும்படி, வைக்கப்பட்டது. அதில் எஞ்சின் கிளம்பும், கொஞ்சம் புகைக்கும், மந்தமாக ஓடும். அதுவே பாதுகாப்பு. சூடேறியபின் ஒரு தடவைக்குச் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாமல் இறுக்கிக்கொண்டு வாருங்கள். சைலன்சரிலிருந்து மெல்லிய நீலப் புகை எப்போதும் தெரிய வேண்டும். எஞ்சின் தலையின் வெப்பம் பொதுவாக 105 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

இக்னைட்டர் மாட்டியிருக்கும்வரை ஓடி, எடுத்ததும் அணைகிறது என்றால் பிளக் சோர்ந்துவிட்டது, அல்லது லோ-ஸ்பீடு நீடில் மிக ரிச்சாக இருக்கிறது. முதலில் பிளக்கை மாற்றுங்கள். லோ-ஸ்பீடைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடும்போது எரிபொருள் டியூபைக் கார்புரேட்டருக்கு அருகில் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி, வேகம் சற்றே ஏறி, பிறகு அணைந்தால் அளவு சரி. உடனே அணைந்தால் லீன், அதாவது எரிபொருள் குறைவு. நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருந்தால் ரிச்.

அடுத்த வாரமும் முதல் இழுப்பிலேயே கிளம்ப வேண்டுமானால் இன்றைய ஓட்டத்தை முடிக்கிற விதம் முக்கியம். டேங்கைக் காலிசெய்துவிட்டு, டியூபில் மிச்சமிருக்கும் எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். தேங்கிய மெத்தனால் ஈரத்தை இழுத்துப் பேரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும். பிளக்கைக் கழற்றி ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விட்டு, ஸ்டார்ட்டரை இரண்டு மூன்று தடவை இயக்கி, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கடைசியாக, எஞ்சின் ஆறுவதற்குள் ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கிவைக்க வேண்டும். உச்சியில் விட்டுவைத்தால் ஸ்லீவ் சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும்.