சைக்கிளில் கொங்கணம்!

சைக்கிள் விடத் தெரியாதவர்கள் நம்மில் அபூர்வம். ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கத் தைரியம் உள்ளவர்கள் அதைவிட அபூர்வமாகிவிட்டார்கள். முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டுக்கும் நடுவே ஆட்டோ ரிக்ஷா! "உயிர் இருந்தால் ஊர்வலம் போகலாம்" என்று சைக்கிளைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டவர் நீங்களும் ஒருவரானால், உங்களுக்காகவே ஒரு சாலை காத்திருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் அரபிக் கடல், தலைக்கு மேலே பாக்கும் தென்னையும். அரை மணி நேரம் மிதித்தாலும் எதிரே ஓர் அரசாங்க பஸ்ஸும் இரண்டு மாட்டு வண்டியும் வந்தால் அதிகம்.

அதுதான் மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கடற்கரைச் சாலை.

சந்தடி இல்லாத காரணம்

பம்பாயிலிருந்து கோவாவுக்குப் போகும் பெரிய நெடுஞ்சாலை (எண் 66) கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிப் போகிறது. லாரிகள் எல்லாம் அந்த வழியே போய்விடுகின்றன. கடலோரமாக நேராகப் போகலாமே என்றால், அதற்கு இயற்கை இடம் கொடுக்கவில்லை. சஹ்யாத்ரி மலையில் பிறக்கும் சாவித்திரி, வாசிஷ்டி, சாஸ்திரி முதலிய நதிகள் கடலில் கலக்குமிடத்தில் அகலமான கழிமுகங்களாக விரிந்து சாலையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும். அவசரக்காரர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. சைக்கிள்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை. கடலோரச் சாலை என்றதும் நம் மெரினாவைப் போலச் சமதரையாக இருக்குமென்று நினைத்துவிடாதீர்கள். அடியிலே எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. மேலே செம்புரைக் கல் மேடு. ஒவ்வொரு கழிமுகத்துக்கும் சாலை விறுவிறுவென்று இறங்கும். தாண்டியதும் நூறு, நூற்றைம்பது மீட்டர் உயரத்துக்கு ஏறும். ஏற்றம் நீளமானதல்ல, ஆனால் செங்குத்து. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால், பட்ட பாட்டுக்கெல்லாம் கூலி கிடைத்துவிடும்.

ஆறு நாள் யாத்திரை

பம்பாயில் பாவுசா தக்கா என்ற துறையிலிருந்து மாண்ட்வாவுக்குக் கப்பல் போகிறது. மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் இந்தக் கப்பல் 2020-ல் வந்தது. நகரத்தின் நெரிசலில் ஒரு கிலோமீட்டர்கூட மிதிக்காமல் அக்கரையில் இறங்கிவிடலாம்.

முதல் நாள், அலிபாக், ரேவ்தண்டா, காஷித் வழியாக முருட். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முருடுக்கு அருகே கடலுக்கு நடுவில் ஜஞ்சீரா கோட்டை நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்திகளின் கோட்டை அது. சிவாஜியும் முயன்றார், அவர் குமாரர் சாம்பாஜியும் முயன்றார். மராட்டியர் கைக்கு அது கடைசி வரை அகப்படவில்லை.

இரண்டாம் நாள், அகர்தாண்டாவில் படகேறித் திகியில் இறங்கி, திவேஆகர், ஸ்ரீவர்த்தன் வழியாக ஹரிஹரேஷ்வர். திவேஆகருக்கும் ஸ்ரீவர்த்தனுக்கும் இடையே சாலை கடலின் தோளிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு போகும். ஹரிஹரேஷ்வரில் கோயிலுக்குப் பின்னால் பாறைப் படிகள் வழியே இறங்கிக் கடலோரமாகப் பிரதட்சிணம் செய்வார்கள். அலை இறங்கியிருக்கும் வேளையில் மட்டும், உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். அந்த அலைகள் ஆளை அடித்துக்கொண்டு போகக் கூடியவை.

மூன்றாம் நாள், பாக்மாண்ட்லேயில் படகேறிச் சாவித்திரி நதியைக் கடந்தால் பாண்கோட். அடுத்தது வேளாஸ் கிராமம். நம் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் இங்கேயும் வருகின்றன. ஒரு காலத்தில் முட்டைகளைத் தோண்டி எடுத்த கிராமத்தார் இன்று அவற்றுக்குக் காவல் இருக்கிறார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போகும் பருவத்தில் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். அங்கிருந்து கேள்ஷி, ஆஞ்சர்லே தாண்டி ஹர்ணை. மாலையில் கடற்கரையிலேயே மீன் ஏலம் நடக்கும். படகிலிருந்து மீன் கூடைகளைக் கரை சேர்க்க மாட்டு வண்டிகள் அலைக்குள்ளேயே இறங்கும் காட்சி பார்க்க வேண்டிய ஒன்று.

நான்காம் நாள் மறுபடியும் ஒரு முருட்! பெயர்க் குழப்பத்துக்குப் பயப்பட வேண்டாம். இது தாபோளிப் பக்கத்து முருட். பெண் கல்விக்காக உழைத்து, 1916-ல் மாதர் பல்கலைக் கழகத்தை நிறுவி, 1958-ல் பாரத ரத்னா பெற்ற கார்வே வளர்ந்த ஊர் இது. பையனாக இருந்தபோது பரீட்சை எழுதுவதற்காக இங்கிருந்து மலையேறி, நூறு மைலுக்கு மேல் நடந்தே ஸதாராவுக்குப் போனார். போன இடத்தில், "உன்னைப் பார்த்தால் வயது போதாது போலிருக்கிறதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்றத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும்போது அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்! தாபோளில் படகேறி வாசிஷ்டி நதியைத் தாண்டினால் அன்றிரவு குஹாகரில் தங்கலாம்.

ஐந்தாம் நாள், ஹேத்வி. பத்துக் கைப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனால், பாறைப் பிளவில் அலை புகுந்து வாணம்போல் மேலே சீறுவதைக் காணலாம். பிறகு தவ்சாளில் கடைசிப் படகு. ஜய்கட்டில் இறங்கிக் கண்பதிபுளே. திருவண்ணாமலையைப் போல இங்கும் மலையே ஸ்வாமி. பக்தர்கள் மலையைச் சுற்றித்தான் வலம் வருகிறார்கள்.

ஆறாம் நாள் 25 கிலோமீட்டர்தான். ஆரே–வாரே கடற்கரைகளின் மேலாக வளைந்து வளைந்து போகும் இந்தத் துண்டுக்காகவே மற்ற ஐந்து நாள் கஷ்டத்தையும் படலாம். முடிவில் ரத்னகிரி, திலகர் பிறந்த ஊர். பர்மாவின் கடைசி அரசர் தீபா 1885-ல் சிம்மாசனம் இழந்து, முதலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு இங்கே சிறை வைக்கப்பட்டார். 1916-ல் கண் மூடும் வரை கடலைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்தார். அவருடைய அரண்மனையை இன்றும் காணலாம்.

மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரத்னகிரியிலிருந்து கொங்கண் ரயிலில் ஊர் திரும்பலாம். திருநெல்வேலி வரை வரும் வண்டிகளும் இந்தப் பாதையில் ஓடுகின்றன. சைக்கிளைப் பார்ஸல் ஆபீஸில் பதிவு செய்துவிட வேண்டியதுதான்.

சில யோசனைகள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஜூனில் தொடங்கும் மழை அங்கே விளையாட்டல்ல. வடக்கிலிருந்து தெற்காகவே போங்கள். பிற்பகலில் வடமேற்கிலிருந்து வீசும் கடற்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். விடியற்காலையில் புறப்பட்டுப் பதினொரு மணிக்குள் பெரும் பகுதியை முடித்துவிடுங்கள். இரண்டு பிரேக்குகளும் நன்றாகப் பிடிக்கட்டும். இறக்கத்தில் உயிர் அவற்றின் கையில்தான் இருக்கிறது. ஒரு டியூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், கையில் கொஞ்சம் ரொக்கம் இவை அவசியம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வீட்டோடு நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் வழியெங்கும் உண்டு. தேங்காய்ப் பாலும் கோகம் பழமும் சேர்ந்த 'ஸோல்கடி' ஒரு டம்ளர் குடித்தால் வெயிலின் கொடுமை தெரியாது. கோகம் என்பது நம் குடம்புளிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பூரணக் கொழுக்கட்டையும் கிடைக்கும், பெயர்தான் 'மோதக்'.

பாலம் வருகிறது!

2020 ஜூன் 3-ம் தேதி 'நிஸர்கா' புயல் இந்தக் கரையில் அடித்தது. ஸ்ரீவர்த்தன், தாபோளிப் பக்கத்துப் பாக்குத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. பாக்கு மரம் புதிதாக வைத்துப் பலன் காணப் பல வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பங்களுக்கு, வாசல் திண்ணையில் சைக்கிளைச் சாத்திவிட்டு இரவு தங்கும் பிரயாணி கொடுக்கும் பணமும் ஓர் ஆதரவுதான்.

இன்னொரு மாறுதலும் வந்துகொண்டிருக்கிறது. ரேவஸிலிருந்து ரெட்டி வரை கடலோரமாகவே ஒரு நெடுஞ்சாலை போட வேண்டுமென்பது பல ஆண்டுத் திட்டம். இப்போது கழிமுகங்களின் மேலே பெரிய பாலங்கள் கட்ட முனைந்திருக்கிறார்கள். பாலம் வந்தால் படகு போகும்; படகு போனால் அமைதியும் போகும்; லாரி வரும்.

"ஐயோ, வேண்டாமே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, விடிந்து படகு வரும் வரை காத்திருக்கும் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பாலம் என்பது உயிர். வருஷத்தில் ஆறு நாள் வந்து போகிறவருடைய அமைதிக்காக அவர்கள் வருஷம் முழுவதும் காத்துக் கிடக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நாம் கேட்கக் கூடியது ஒன்றுதான். பாலம் போடுகிறவர்கள் அதன் ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் மூன்று முழம் இடம் விடட்டும். பழைய குறுகிய கிராமச் சாலைகளை அகலப்படுத்தாமல் அப்படியே விட்டுவைக்கட்டும். உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிளில்தானே போகிறார்கள்?

ஆகையால், போக எண்ணமிருந்தால் தள்ளிப் போடாதீர்கள். சுவரில் சாத்தியிருக்கும் சைக்கிளை இறக்கித் தூசி தட்டிச் செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். கொங்கணத்துப் படகுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.